சக்கரம் வைத்த வீடும் சர்க்கரை ஏறிய உடம்பும்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை. என் பழைய நோயாளி ஒருவர் வந்தார். கூட்டுறவு வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 68. முழங்கால் வலிக்காக மாதா மாதம் வருகிறவர். அன்றைக்கு முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"டாக்டர், என் தம்பிக்கு மூளை குழம்பிப் போச்சு. அமெரிக்காவுல 28 வருஷம் உழைச்சு வாங்கின வீட்டை வித்துட்டு பஸ் வாங்கப் போறானாம், பஸ்!"

"பஸ் கம்பெனி ஆரம்பிக்கப் போறாரா?"

"கம்பெனியா? அதுக்குள்ளேயே குடித்தனம் பண்ணப் போறானாம். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் அதுக்குள்ளேயே இருக்காம். நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

சொல்லிவிட்டு, போனைப் போட்டு என் மேஜை மேல் வைத்துவிட்டார். அந்தப் பக்கம் தம்பி. டெக்ஸாஸ் மாநிலத்தில் கம்ப்யூட்டர் வேலை. வயது 61. சர்க்கரை வந்து 14 வருஷம் ஆகிறது. மாத்திரையோடு இப்போது ராத்திரியில் ஒரு இன்சுலின் ஊசியும் சேர்ந்திருக்கிறது.

"டாக்டர், அடுத்த வருஷம் எனக்கு 62. ரிடையர் ஆகிடலாம்னு இருக்கேன். வீட்டை வித்தா வண்டியும் வாங்கலாம், கையிலயும் மிஞ்சும். இங்க நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க. அண்ணனுக்குப் புரிய மாட்டேங்குது."

பின்னாலிருந்து அவருடைய மனைவியின் குரல். "நான் எதுக்காக சரின்னேன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க."

"எதுக்காகம்மா?" என்றேன்.

"அதுல பாத்ரூம் இருக்கு டாக்டர்."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கோ, அந்தக் குடும்பத்திலேயே சரியான காரணம் சொன்னவர் அந்த அம்மாதான் என்று பட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"சித்த வைத்தியருக்கும் அமெரிக்க வண்டிக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வேலைக்கு விமானம் ஏறிய நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது அறுபதை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள். அங்கேயே வீடு, அங்கேயே பேரன் பேத்தி, அங்கேயே ஓய்வு. அந்த ஊர் ஆசைகளும் அவர்களுக்கு வரத்தானே செய்யும்? இன்றைக்கு இந்த அண்ணனுக்கு வந்த போன் நாளைக்கு உங்கள் வீட்டுக்கும் வரலாம். அப்போது "பைத்தியமா உனக்கு?" என்று கத்தாமல், உருப்படியாக நாலு கேள்வி கேட்க வேண்டாமா?

2023-ல் டெக்ஸாஸில் உள்ள என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது இந்த வண்டிகளை நேரில் பார்த்தேன். தங்கை மகன் அங்கே கணக்காளர். "மாமா, இதுல ஏறிப் பாக்கறது சுலபம். இறங்கறதுதான் கஷ்டம்" என்று சொல்லி, இரண்டு ராத்திரி உட்கார்ந்து கணக்கைப் புரியவைத்தான். இந்த போன் வந்த பிறகு அவனிடம் மறுபடியும் ஒரு தடவை கேட்டுக்கொண்டேன். பணக் கணக்கு அவனுடையது. உடம்புக் கணக்கு என்னுடையது.

அது என்ன வண்டி?

நம்ம ஊரில் சினிமா ஷூட்டிங் நடக்கும் இடத்தில் நடிகர்களுக்காக ஒரு கேரவன் நிற்குமே, கிட்டத்தட்ட அதுதான். மோட்டார் ஹோம் என்கிறார்கள். அங்கே மூன்று வகை உண்டு. 'ஏ' வகை நம்ம ஆம்னி பஸ் அளவுக்கு இருக்கும். 'பி' வகை ஒரு பெரிய வேன். 'சி' வகை நடுத்தரம். டிரைவர் தலைக்கு மேலே ஒரு படுக்கை துருத்திக்கொண்டிருக்கும்.

விலை? வேன் அளவு வண்டிகூட புதிதாக வாங்கினால் பெரும்பாலும் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிடும். டீசலில் ஓடும் பெரிய 'ஏ' வகை மூன்று, நான்கு லட்சம் டாலர் வரை போகும். பழைய 'சி' வகை வண்டி என்றால் 40,000, 50,000 டாலருக்கும் கிடைக்கும்.

எரிபொருள்? பெரிய வண்டி லிட்டருக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர்தான் கொடுக்கும். இன்ஷூரன்ஸ் தனி. ராத்திரி நிறுத்தும் இடத்துக்கு வாடகை தனி. பட்டன் தேயாவிட்டாலும் ஆறேழு வருஷத்தில் டயரை மாற்றியாக வேண்டும். யானையை வாங்குவது ஒரு செலவு, தீனி போடுவது இன்னொரு செலவு. அந்தக் கதைதான்.

அப்படியானால் சாதாரண உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரத் தாத்தாவும் பாட்டியும் இதை எப்படி வாங்குகிறார்கள்? எல்லாரும் கோடீஸ்வரர்களா? இல்லவே இல்லை. நான்கு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி: வீட்டை விற்பது

பெரும்பாலானவர்கள் நினைப்பது இதைத்தான். அமெரிக்காவில் 1997-ல் வந்த ஒரு வரிச் சட்டம் இதற்குக் கை கொடுக்கிறது. நீங்கள் சொந்தமாக வைத்துக் குடியிருந்த வீட்டை விற்றால், கணவன் மனைவி சேர்ந்து வரி கட்டுகிறவர்களாக இருந்தால், லாபத்தில் 5,00,000 டாலர் வரை மத்திய அரசுக்கு வரி கிடையாது. தனி ஆளுக்கு 2,50,000. விற்பதற்கு முந்தைய ஐந்து வருஷத்தில் இரண்டு வருஷமாவது அங்கே குடியிருந்திருக்க வேண்டும். முக்கியமான நிபந்தனை இதுதான். இரண்டு லட்சத்துக்கு வாங்கிய வீடு ஆறு லட்சத்துக்குப் போனால், நான்கு லட்சம் லாபமும் தம்பதிக்கு வரியில்லாமல் கையில் நிற்கும்.

ஆசை வருமா வராதா? ஆனால் ஒன்று கவனியுங்கள். வீடு பொதுவாக விலை ஏறும் சொத்து. வண்டி விலை இறங்கும் சொத்து. புது மோட்டார் ஹோம் கடை வாசலைத் தாண்டியதுமே மதிப்பு சரியத் தொடங்கிவிடும். ஏறுவதை விற்று இறங்குவதை வாங்கினால், பத்து வருஷம் கழித்து மறுபடி வீடு தேடும்போது கையில் என்ன இருக்கும்?

இரண்டாம் வழி: ஓய்வூதியச் சேமிப்பை எடுப்பது

நம்ம ஊர் பி.எஃப். மாதிரி அங்கே 401(கே) என்று ஒரு சேமிப்பு. 59½ வயதுக்கு முன்னால் எடுத்தால் வரியோடு பொதுவாக 10 சதவிகிதம் அபராதம். அதற்குப் பிறகு அபராதம் இல்லை. ஆனால் வழக்கமான கணக்காக இருந்தால் வரி உண்டு. வண்டி வாங்க வேண்டுமென்று ஒரே வருஷத்தில் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் டாலரை மொத்தமாக எடுத்தால், அது அத்தனையும் அந்த வருஷத்து வருமானமாகக் கணக்காகும். வரி விகிதம் மேலே போகும். 65 வயதைத் தாண்டியவராக இருந்தால், வருமானம் ஒரு அளவுக்கு மேல் போகும்போது, இரண்டு வருஷம் கழித்து மருத்துவக் காப்பீட்டுக்குக் கட்டும் சந்தாவும் கூடும். விவரம் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று வருஷமாகப் பிரித்துப் பிரித்து எடுக்கிறார்கள்.

அரசாங்க ஓய்வுத்தொகையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 1960-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு முழுத்தொகை கிடைக்கும் வயது 67. அந்த வயதில் மாதம் 1,000 டாலர் வர வேண்டியவர் அவசரப்பட்டு 62-லேயே வாங்கத் தொடங்கினால் 700 டாலர்தான். 70 வரை பொறுத்தால் 1,240. இந்த வித்தியாசம் ஆயுள் முழுக்க ஒட்டிக்கொண்டே வரும்.

மூன்றாம் வழி: கடன்

வண்டிக்கு 15 வருஷம், 20 வருஷம் தவணையில்கூடக் கடன் தருகிறார்கள். தங்கை மகன் காகிதத்தில் போட்டுக் காட்டினான். 1,20,000 டாலர் கடன், 8 சதவிகித வட்டி, 20 வருஷம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 1,004 டாலர். மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 2,41,000. வாங்கியதைப் போல இரண்டு மடங்கு! 62 வயதில் வாங்கியவருக்குக் கடன் தீரும்போது 82 வயது. அந்த வயதில் அந்த வண்டியும் ஓடாது, ஓட்டுகிறவரையும் ஓட்ட விடமாட்டார்கள்.

நான்காம் வழி: சிக்கனமும் சிறு வேலையும்

எனக்குப் பிடித்த வழி இது. பழைய வண்டியாகப் பார்த்து, ரொக்கம் கொடுத்து வாங்குகிறார்கள். 62 வயது ஆன குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களுக்கும் தேசியப் பூங்காக்களில் ஆயுள் முழுக்கச் செல்லும் அனுமதிச் சீட்டு 80 டாலர்தான். 2017 வரை அது வெறும் 10 டாலராக இருந்தது. அந்தச் சீட்டு இருந்தால் மத்திய அரசின் முகாம்கள் பலவற்றில் வாடகை பாதி. மேற்கு மாநிலங்களில் அரசுப் பொதுநிலம் ஏராளம். அதில் பல இடங்களில் 14 நாள் வரை காசில்லாமல் தங்கலாம். பிறகு இடம் மாற வேண்டும். முகாம்களிலேயே வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று வேலை செய்து கொடுத்து, இடத்தையும் மின்சாரத்தையும் இலவசமாகப் பெறும் தம்பதிகளும் உண்டு.

இதிலும் ஒரு கசப்பான பக்கம் இருக்கிறது. 2008-ல் அங்கே பொருளாதாரம் விழுந்தபோது வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியவர்கள் பலர், ஆசைக்காக இல்லாமல் வேறு வழி இல்லாமல் வேனுக்குள் குடியேறினார்கள். ஜெசிகா ப்ரூடர் என்ற பத்திரிகையாளர் இவர்களோடு சுற்றி 2017-ல் 'நோமேட்லாண்ட்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அதைத் தழுவி வந்த படம் 2021-ல் ஆஸ்கர் வாங்கியது. சர்க்கரைப் பீட்ரூட் அறுவடைக் காலத்தில் 12 மணி நேர ஷிப்ட் நிற்கும் முதியவர்களும் அங்கே இருக்கிறார்கள். சாலையில் பார்க்கிறபோது இரண்டு பேர் வண்டியும் ஒன்று போலத்தான் தெரியும். ஒருவர் வீட்டை விட்டுவிட்டு வந்தவர். மற்றவரை வீடு விட்டுவிட்டது. நம் தம்பி இரண்டாவது வரிசையில் போய் நிற்கக் கூடாது என்பதுதான் என் கவலை.

இனி உடம்புக் கணக்கு

இதுவரை சொன்னதை எந்தக் கணக்காளரும் சொல்வார். இனிமேல் சொல்வதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், பொதுவாக 65 வயதில்தான் தொடங்கும். 62-ல் வேலையை விட்டால் நடுவில் மூன்று வருஷம் பள்ளம். அந்த மூன்று வருஷமும் கைக்காசு போட்டுக் காப்பீடு வாங்க வேண்டும். அந்த வயதுக்குச் சந்தா லேசாக இருக்காது. இன்சுலின் போடுகிற மனிதர் காப்பீடு இல்லாமல் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது.

65-க்குப் பிறகும் ஒரு சூட்சுமம். நேரடி அரசுக் காப்பீடு என்றால், அதை ஏற்கும் எந்த மாநில மருத்துவரிடமும் போகலாம். தனியார் கம்பெனி மூலம் வாங்கும் 'அட்வான்டேஜ்' வகையில் பெரும்பாலும் உங்கள் வட்டாரத்து டாக்டர்கள், ஆஸ்பத்திரிகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். சந்தா குறைவு, கூடுதல் சலுகை உண்டு என்று அதை எடுத்துக்கொண்டு, இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி அரிசோனாவில் போய் உட்கார்ந்தால், அவசர சிகிச்சை தவிர மற்றதற்கெல்லாம் திண்டாட்டம்தான். ஊர் ஊராகச் சுற்றப் போகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது இதை. இந்தியாவுக்கு வந்து படுத்துக்கொண்டால் இரண்டுமே பொதுவாகக் கைகொடுக்காது.

அடுத்தது, ஓட்டுகிறவரின் உடம்பு. நாள்பட்ட சர்க்கரையில் பாதம் மரத்துப் போகும். பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்று கால் மூளைக்குச் சொல்லாது. பத்து டன் வண்டியை ஓட்டுகிறபோது இது விளையாட்டு விஷயமா? இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப் போனால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் இருட்டும். வண்டியை எடுக்கும் முன் சர்க்கரையைப் பார்த்தாக வேண்டும். கண்ணின் விழித்திரையை வருஷத்துக்கு ஒரு தடவை சோதித்தாக வேண்டும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் வைத்த இன்சுலின் வீரியம் இழந்துவிடும். குளிர்பெட்டி ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் சித்த வைத்தியன்தான். ஆனாலும் "இன்சுலினை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடி, ஊர் சுற்று" என்று யாருக்கும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். அப்படிச் சொல்கிறவரிடம் போகவும் போகாதீர்கள்.

இங்கிலாந்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. 1997-க்கு முன்பு கார் லைசென்ஸ் வாங்கியவர்கள் அதே லைசென்ஸில் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட மோட்டார் ஹோமையும் ஓட்டலாம். ஆனால் 70 வயதில் அந்தச் சலுகை முடிந்துவிடும். தொடர வேண்டுமானால் டாக்டர் சோதித்துப் பார்த்து படிவத்தில் எழுதித் தர வேண்டும். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, இந்தச் சோதனையை அறுபதிலேயே நமக்கு நாமே வைத்துக்கொள்வது நல்லது.

இன்னும் கேளுங்கள். வாசற்படி உயரமாக இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை ஏறி இறங்க வேண்டும். கழிவுத் தொட்டியைக் குழாய் மாட்டிக் காலி செய்ய வேண்டும். நிறுத்திய இடத்தில் வண்டி சாயாமல் சமன் செய்ய வேண்டும். குனிவதும் நிமிர்வதுமாக வேலை இருந்துகொண்டே இருக்கும். கணவருக்கு மட்டும் ஓட்டத் தெரிந்தால் போதாது. நடுவழியில் அவருக்கு நெஞ்சு வலித்தால் அந்த அம்மா வண்டியை எடுக்க வேண்டுமே!

அந்த அம்மா சொன்ன காரணம்

இப்போது பாத்ரூம் விஷயத்துக்கு வருவோம்.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில் மனப்பாடம் செய்த முக்கியமான பாடங்களில் ஒன்று, அடக்கக் கூடாத 14 வேகங்கள். தும்மல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம் என்று போகும் அந்தப் பட்டியலில் சிறுநீரும் மலமும் உண்டு. இவற்றை அடக்க அடக்க நோய் வரும் என்பது பாடம். முப்பது வருஷ வைத்தியத்தில், அதிகமாக அடக்குகிறவர்கள் நம் வீட்டுப் பெண்கள்தான் என்பதைப் பார்த்துவிட்டேன். கல்யாணத்துக்குப் போக வேண்டுமா? காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார்கள். ஆறு மணி நேரப் பயணமா? பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குவார்கள். ஊர் வந்து சேர்ந்ததும் நீர்க்கடுப்பு, எரிச்சல், காய்ச்சல். ஐம்பத்தைந்துக்கு மேல், தும்மினால்கூட இரண்டு சொட்டு கசியும் நிலைமையில், "நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு ஊர் சுற்றவே பிடிக்காது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

"ஏம்மா, உங்களுக்கும் அப்படியா?" என்று கேட்டேன்.

"நாலு வருஷமா இருக்கு டாக்டர். இவர்கிட்ட எப்படிச் சொல்றது? எங்கயும் போக வேண்டாம்னு சொல்லிட்டிருந்தேன். அந்த வண்டியைப் பாத்ததும் இதுல போகலாம்னு தோணிச்சு."

போனின் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தம்பிக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

ஆகவே அந்த வண்டியை வெறும் ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். நினைத்தபோது கழிப்பறை, நேரத்துக்குச் சமைத்த சாப்பாடு, சாய்ந்துகொள்ளப் படுக்கை. முதிய உடம்புக்கு இந்த மூன்றும் இருந்தால் பாதி நோய் அண்டாது. ஆனால் அந்த அம்மாவுக்குச் சொன்னேன்: "கசிவுக்கு வைத்தியம் இருக்கிறதம்மா. அங்கேயே பெண் டாக்டரிடம் காட்டுங்கள். இடுப்புத் தசைப் பயிற்சியிலேயே பலருக்குக் குறைகிறது. ஒரு லட்சம் டாலர் வண்டிதான் மருந்து என்று நினைத்துவிடாதீர்கள்."

தம்பிக்கு நான் சொன்னது

ஆசையை விடச் சொல்லவில்லை. வரிசையை மாற்றச் சொன்னேன்.

ஒன்று. 62-ல் வேலையை விட வேண்டாம். 63½ வரை பாருங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கம்பெனியை விட்டு வந்தால், முழுச் சந்தாவையும் நாமே கட்டிப் பழைய காப்பீட்டையே பொதுவாக 18 மாதம் வரை தொடரலாம் என்று அங்கே சட்டம் இருக்கிறது. 63½-யும் ஒன்றரையும் 65. பள்ளம் அடைபட்டுவிட்டது. 65 ஆகும் சமயத்தில் மெடிகேருக்குப் பதிவு செய்வதை மட்டும் தள்ளிப் போடக் கூடாது.

இரண்டு. அதுவரை சும்மா காத்திருக்க வேண்டாம். காத்திருந்தால் மூட்டும் கண்ணும் நமக்காகக் காத்திருக்காது. வருஷத்துக்கு மூன்று வாரம் லீவு போட்டு ஒரு வண்டியை வாடகைக்கு எடுங்கள். மழையில் ஒரு ராத்திரி, கடுங்குளிரில் ஒரு ராத்திரி, கழிவுத் தொட்டியை உங்கள் கையாலேயே ஒரு தடவை. அதற்குப் பிறகும் ஆசை இருந்தால்தான் அது ஆசை.

மூன்று. வீட்டை உடனே விற்க வேண்டாம். வாடகைக்கு விடுங்கள். ஐந்து வருஷத்தில் இரண்டு வருஷம் குடியிருந்தால் போதும் என்ற அந்த விதியின்படி, நீங்கள் வெளியேறிய பிறகும் ஏறக்குறைய மூன்று வருஷம் வரை வரிச் சலுகையின் பெரும்பகுதியை இழக்காமல் விற்க இடம் இருக்கிறது. வாடகைக்கு விட்ட காலத்துக்குச் சில வரிக் கணக்குகள் வரும். அதை அங்குள்ள ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த மூன்று வருஷமும் திரும்பி வர உங்களுக்கு ஒரு வாசல்.

நான்கு. பழைய வண்டி, ரொக்கம், கடன் கிடையாது. மருத்துவத்துக்கும் முதுமைக்கும் என்று ஒரு தொகையை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் வண்டி. மருந்துக்கு வைத்த பணத்தை டீசல் டேங்கில் ஊற்றக் கூடாது.

ஐந்து. நிறுத்தப் போகும் நாளை இப்போதே யோசியுங்கள். 1978-ல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் என்ற மோட்டார் ஹோம்காரர்களின் சங்கம் டெக்ஸாஸில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் இருக்கிறது. இனி ஓட்ட முடியாது என்று ஆன முதியவர்கள் தங்கள் வண்டியிலேயே குடியிருந்தபடி சாப்பாடும் உதவியும் பெற, அங்கே ஓர் இல்லம் அமைத்திருக்கிறார்கள். எவ்வளவு தீர்க்கமான யோசனை! வண்டி வாங்கும் முன் அங்கே போய் ஒரு நாள் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன்.

தம்பி சிரித்தார். "டாக்டர், காப்பீட்டுக் கணக்கை என் டாக்டர் சொல்றார். சர்க்கரையைப் பத்தி இனி என் ஆடிட்டர்தான் சொல்வார் போல."

அந்த அம்மா விடவில்லை. "மூணு வார வாடகை வண்டியை முதல்ல புக் பண்ணுங்க. ஆனா அதுக்கு முன்னாடி நான் டாக்டரைப் பாக்கணும்."

உங்கள் வீட்டுக்கு

நம்மில் யாரும் மோட்டார் ஹோம் வாங்கப் போவதில்லை. சரி. ஆனால் ஓய்வு பெற்ற அன்று கைக்கு வரும் பணிக்கொடையும் பி.எஃப். பணமும் நம் வீடுகளில் எங்கே போகிறது? மாடி கட்ட, மகன் கடனை அடைக்க, மகள் வீட்டுக்குச் சீர் செய்ய. எல்லாம் அவசியமாகவே இருக்கட்டும். அதில் கணவன் மனைவி இரண்டு பேருக்கென்று ஒரு பங்கு உண்டா? 'அப்புறம் பாக்கலாம்' என்று தள்ளிப் போட்ட காசி யாத்திரையும் கேரளப் பயணமும், முழங்கால் மடங்காமல் போன பிறகு யாருக்குப் பயன்? அந்தத் தாத்தா பாட்டிகளிடம் நாம் படிக்க வேண்டிய பாடம் வண்டி இல்லை. தங்களுக்கென்று ஒரு பங்கு ஒதுக்குவதும், உடம்பு ஒத்துழைக்கும் முதல் ஐந்து வருஷத்திலேயே அதைச் செலவு செய்வதும்தான். முதலில் வைத்தியப் பணம், அடுத்தது தலைக்கு மேல் கூரை, பிறகு பயணம். இந்த வரிசை அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்காருங்கள். எங்கே போக ஆசை என்று கேளுங்கள். "எங்கயும் வேண்டாம்" என்று பதில் வந்தால், ஏன் என்று இன்னொரு தடவை மெதுவாகக் கேளுங்கள்.

போனை வைத்த பிறகு அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, வேஷ்டியைத் தூக்கி முழங்காலைக் காட்டினார்.

"டாக்டர், அந்த வண்டியில படி உயரம்னு சொன்னீங்களே... அடுத்த வருஷம் அவன் கூப்பிட்டா, இந்தக் காலோட என்னால ஏற முடியுமா?"

"அதுக்குத்தான் தைலம் தர்றேன், உட்காருங்க" என்றேன்.